முள்ளும் உப்பும் அங்கேயும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் குளிர்காலத்தில் சைக்கிளில் உலாப் போவதைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உறைபனி படிந்த புல்வெளியும், கல்வீடுகளும், புகைபோக்கியிலிருந்து எழும் புகையும் படங்களில் பார்க்க நன்றாகவே இருந்தன. ஆனால் படித்து முடித்தவர் மனத்தில், அந்த நாட்டில் சாலையில் இறங்கினாலே சைக்கிள் தானாக உருண்டு ஓடும் என்றும், நமது இராமநாதபுரம் கடற்கரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்றும் ஓர் எண்ணம் தங்கியிருக்கும். இரண்டுமே சரியல்ல என்று எனக்குப் படுவதால் இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

நான் முப்பத்தோராண்டுகள் கிராம அஞ்சல் ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். திருப்புல்லாணிக்கும் சேதுக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடைப்பட்ட ஊர்களுக்குத் தபால் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்குப் பதினெட்டு இருபது கிலோமீட்டர் மிதித்தவன். ஆகவே சைக்கிள் என்பது எனக்குப் பிழைப்பு. விடுமுறை நாளில் வெறுமனே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால், வழியில் நாலு பேர் நிறுத்தி, "என்ன அவசரம், யாருக்கு என்ன?" என்று பதறிப்போய்க் கேட்பார்கள். காரியம் இல்லாமல் ஒருவன் சைக்கிள் மிதிப்பான் என்று எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை, நானும் நம்பியதில்லை.

சென்ற ஆண்டு கார்த்திகைக் கடைசியில், இங்கிலாந்தின் பாத் நகரில் செவிலியராக இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போய், பொங்கல் முடிந்து திரும்பினேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் தபால்காரனாக இருந்தவன் என்று மகள் சொல்லக் கேட்டு, தம்மிடம் இருந்த இரண்டாவது சைக்கிளைத் துடைத்து, இருக்கையை என் உயரத்துக்கு இறக்கி, மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றார். எங்கே போகிறோம் என்று கேட்டதற்கு, மதியம் திரும்பிவிடுவோம் என்றுதான் பதில் வந்தது. போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று அவர் மனத்தில் இல்லவே இல்லை என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

பத்து மணிக்குப் புறப்பட்டதற்குக் காரணம் உண்டு. மார்கழியில் அங்கே எட்டு மணிக்கு மேல்தான் விடிகிறது; நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்கூடத் தேறுவதில்லை. விடிந்த பிறகும், மர நிழல் விழும் திருப்பங்களில் தார்ச்சாலையின் மேல் கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டிப் படலம் கிடக்கும்; அதன்மேல் சக்கரம் ஏறிய பின் பிரேக்கைத் தொட்டால் விழுவது நிச்சயம். தச்சர் வைத்திருந்த கணக்கு எளியது. வாசலில் தேங்கிய தண்ணீர் உறைந்திருந்தால் அன்று சைக்கிளை வெளியே எடுக்கமாட்டார். நான் தங்கிய ஆறேழு வாரங்களில் அப்படி ஒன்பது நாள்கள் போயின. மழைக்கு அதைவிட அதிகமாகப் போயின. தங்கள் கட்டுரையின் படங்களில் இந்த நாள்கள் இல்லை.

உடை விஷயத்தில் முதல் நாளே ஏமாந்தேன். மகள் வாங்கி வைத்திருந்த கம்பளி அத்தனையையும் மாட்டிக்கொண்டு போய், முதல் மேட்டிலேயே வேர்த்து, இறக்கத்தில் அந்த வேர்வை குளிர்ந்து, பல் கிட்டிப் போயிற்று. புறப்படும்போது கொஞ்சம் நடுங்கத்தான் வேண்டும், பத்து நிமிட மிதிப்பில் உடம்பு தானே சூடேறிவிடும் என்பது அங்கே ஓட்டுபவர்களின் அனுபவம். விரல்களுக்கும் பாதங்களுக்கும் மட்டும் இந்தக் கணக்குச் செல்லாது. அவற்றைப் பொத்திக்கொள்ளத்தான் வேண்டும்.

நாங்கள் அடிக்கடி போனது பிரிஸ்டல் நகரையும் பாத் நகரையும் இணைக்கும் பாதையில். அதன் நீளம் 13 மைல், அதாவது ஏறத்தாழ 21 கிலோமீட்டர். சைக்கிளுக்கென்று நிலம் எடுத்துப் போட்ட சாலை அல்ல அது. பழைய ரயில் பாதை. 1963 இல் பீச்சிங் என்பவர் அளித்த அறிக்கையை ஒட்டி, வருமானம் இல்லையென்று ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதைகளை அந்த நாட்டில் மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு புதர் மண்டிக் கிடந்த இந்தத் தடத்தை, 1977 இல் பிரிஸ்டலில் கூடிய ஒரு சிறு குழுவினர் முன்னின்று, 1979 முதல் 1986 வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள். சஸ்ட்ரான்ஸ் என்ற பெயரில் வளர்ந்த அந்த அமைப்புக்கு 1995 இல் லாட்டரி நிதியிலிருந்து 4.35 கோடி பவுண்டு கிடைத்தது. நாடு தழுவிய சைக்கிள் பாதைகள் அதிலிருந்துதான் பெருகின. (லாட்டரியை 2003 இல் தமிழ்நாடு தடை செய்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. லாட்டரியால் நொடித்துப்போன வீடுகளுக்குக் கடன் நோட்டீசுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.)

ரயில் போன தடம் என்பதால் என்ன லாபம் என்பது மிதித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. நீராவி எஞ்சினுக்குச் செங்குத்தான மேடு ஆகாது. அதனால் பள்ளத்தில் மண்ணைக் கொட்டி உயர்த்தியும், குன்றை வெட்டியும் குடைந்தும், ஊர்ச்சாலைகளைப் பாலத்தால் தாண்டியும், ஒரே சீராகத் தடம் போட்டிருக்கிறார்கள். அந்தப் புண்ணியத்தில் முழங்கால் தேய்ந்த கிழவனும் மூச்சு வாங்காமல் போய்வர முடிகிறது, மழைநீர் தேங்குவதில்லை, குறுக்கே கார் வருவது அபூர்வம். பாத் நகரின் தெற்கே, 1966 இல் மூடப்பட்ட மற்றொரு ரயில் பாதையின் இரண்டு குகைகளை 2013 இல் இவ்வாறே திறந்திருக்கிறார்கள். அவற்றில் கூம் டவுன் என்ற குகை மட்டும் 1,672 மீட்டர். வெளியே முகத்தை அறுக்கும் காற்று, உள்ளே நுழைந்ததும் யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றுவிடுகிறது. அந்தக் கதகதப்புக்காகவே தச்சர் அங்கே வேகத்தைக் குறைப்பார்.

இப்பாதைகளை விட்டுச் சாலையில் இறங்கினால் நிலைமை வேறு. கிராமத்துச் சாலைகள் ஒரு கார் அகலம்தான். இருபுறமும் தலைக்கு மேல் வேலி. இதில் பல சாலைகளில் சட்டப்படி அனுமதித்த வேகம் மணிக்கு 60 மைல், நம் கணக்கில் 96 கிலோமீட்டர் என்று கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்று 2022 இல் சாலை விதிக் கையேட்டைத் திருத்தினார்கள். பெரும்பாலோர் விடுகிறார்கள், சிலர் விடுவதில்லை. அந்த நாட்டில் மக்கள் செல்லும் பயணங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டுதான் சைக்கிளில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் சைக்கிளில் திரிகிற நாடு அல்ல அது. திரிகிறவர்களுக்கு ஒதுங்கிப் போக வழி இருக்கிறது, அவ்வளவே. குதிரைகள் போவதற்கென்று இருந்த பழைய வயல்வழிகளில் சைக்கிளும் போகலாம் என்று 1968 இல் சட்டமே கொண்டுவந்தார்கள். நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அதிலுள்ள நிபந்தனை. ஆனால் மார்கழியில் அந்த வழிகள் முழுக்கச் சேறு. ஒருமுறை போய், மட்கார்டுக்குள் களிமண் அடைத்துச் சக்கரம் சுற்றாமல், கால் கிலோமீட்டர் சைக்கிளைத் தோளில் சுமந்தோம்.

வேலியைப் பற்றிச் சொன்னேன். அங்கே பல இடங்களில் வயல்களைப் பிரிப்பது, ஹாதார்ன், பிளாக்தார்ன் என்ற முட்செடிகளை நெருக்கி நட்டு வளர்த்த உயிர்வேலி. பறவைகள் கூடு கட்டும் பருவம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அவற்றை வெட்டக்கூடாது. 2024 இல் அதற்கென விதிமுறையே பிறப்பித்திருக்கிறார்கள். எனவே விவசாயிகள் வேலியை ஒதுக்குவது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும்தான். டிராக்டரில் மாட்டிய வெட்டுக்கருவி சிதறடித்த முள், ஈரச் சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். மூன்றாம் நாளே என் பின் டயரில் ஏறியது. இருக்கை லேசாக அமுங்கியதை வைத்தே காற்று இறங்குகிறது என்று அறிந்துகொண்டேன். அந்த உணர்ச்சி முப்பதாண்டுப் பழக்கம்.

தச்சரின் விரல்கள் குளிரில் விறைத்து, லீவரைப் பிடிக்க முடியவில்லை. நான் வாங்கி டயரைக் கழற்றினேன். உட்புறத்தை விரலால் தடவியபோது சுருக்கென்றது. அரை அங்குலம்கூட இல்லாத கறுத்த முள். கருவேல முள்ளின் கடைசித் தம்பி என்று சொல்லலாம். சாலையோர வாய்க்கால் தண்ணீரில் ட்யூபை அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொலூஷன் தடவினேன். நம் ஊர் வெயிலில் நாலு தரம் ஊதினால் காய்ந்துவிடும் சொலூஷன், அங்கே காயவே இல்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றி, ட்யூபின் அந்தப் பகுதியை உடம்பில் படாமல் கக்கத்துச் சூட்டில் வைத்துக்கொண்டு நின்றேன். தச்சர் சிரித்த சிரிப்பில் வேலிக்கு அப்பால் மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. ஒட்டு நின்றது. மகள் வீடு வரை காற்று இறங்கவில்லை என்பதைச் சற்றுப் பெருமையுடனேயே இங்கே பதிவு செய்கிறேன்.

முள்ளைப் போலவே உப்பு. பனி உறையாமல் இருக்கப் பெரிய சாலைகளில் பாறை உப்பைத் தூவுகிறார்கள். செஷயர் பகுதியில் வின்ஸ்பர்ட் என்ற இடத்துச் சுரங்கத்தில் அதை வெட்டி எடுக்கிறார்கள். அந்த உப்பு நீர் தெறித்து, இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் செயின் செம்பழுப்பாகிவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கழுவித் துடைத்து எண்ணெய் விடுவது தச்சரின் நியமம். வாலிநோக்கம் உப்பளத்துக்கும் கடற்காற்றுக்கும் பழகிய நமக்கு இது புதிதா என்ன? மண்ணெண்ணெயில் கந்தலை நனைத்து இரவில் செயினைத் துடைத்துவிட்டுப் படுத்தவன்தான் நானும். கூட்டமாகப் போகிறவர்கள் பின்மட்கார்டின் நுனியில் ரப்பர் பட்டை ஒன்றைத் தொங்கவிடுவதும் எனக்குப் பிடித்திருந்தது. முன்னால் போகிறவர் சக்கரத்துச் சேறு பின்னால் வருபவர் முகத்தில் அடிக்கக் கூடாது என்பதற்காக அது.

இனி நம் கரைக்கு வருகிறேன். ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழிப் பிற்பாதியிலிருந்து மாசி முடிய, அவர்கள் கோடையில்கூடக் காண்பது அரிதான பருவம் நமக்கு வாய்க்கிறது. நாள் ஒன்றுக்குப் பதினொன்றரை மணி நேர வெளிச்சம், கண்மாயில் தண்ணீர், தரவையில் பச்சை, காலையில் ஒரு மெல்லிய குளிர். வாடைக்காற்று மட்டும் கொஞ்சம் படுத்தும். அதற்கும் வழி உண்டு: உடம்பில் தெம்பு உள்ள காலையில் எதிர்காற்றில் போய்விட்டால், திரும்புகையில் காற்றே கொண்டுவந்து சேர்த்துவிடும். இருந்தும் இந்த இரண்டரை மாதத்தில் நம் கரையில் மனம்போன போக்கில் சைக்கிள் ஓட்டுபவரைக் காண முடிவதில்லை. வெளியூரிலிருந்து தலைக்கவசத்துடன் வரும் சிலர் நேராகத் தனுஷ்கோடிக்குப் போகிறார்கள். 2017 இல் அரிச்சல்முனை வரை திறந்த அந்தச் சாலை அழகானதுதான். ஆனால் வாடை பக்கவாட்டில் மணலை வாரி அடிக்க, சுற்றுலா வேன்கள் உரசிக்கொண்டு போக, அங்கே மிதிப்பதை உலா என்று நான் சொல்லமாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நம்மவர்களுக்குச் சைக்கிள் தெரியாது என்பதும் இல்லை. பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிள் வராத தெரு எங்கள் ஒன்றியத்தில் இல்லை. பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை இந்த நாடே பேசியது. படிப்பு முடிந்ததும் அந்தச் சைக்கிள் மாட்டுத்தொழுவத்துச் சுவரில் சாய்ந்துவிடுகிறது. வைத்திருப்பவருக்கு நெடுஞ்சாலையை விட்டால் வேறு வழி இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அந்த வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மூடிய ரயில் மேடு அவர்களுக்கு எப்படியோ, கண்மாய்க்கரை நமக்கு அப்படி. கண்மாய்கள் நிறைந்த மாவட்டம் இது. தரையிலிருந்து உயர்ந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல், பனைமர வரிசையோடு ஊரிலிருந்து ஊருக்கு நீளும் பொது நிலம் நம்மிடம் வேறு எது? நான் தபால் கொண்டுபோன காலத்தில், மழையில் வண்டிப்பாதை சேறானால் கரைமேல் ஏறித்தான் அடுத்த ஊருக்குப் போவேன். கண்மாயின் உபரிநீர் வழியும் கலுங்கு வந்தால் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, வழுக்காமல் தாண்டி, மறுபடி ஏற வேண்டும்; மற்றபடி சுகமான வழி. இன்று அதே கரையில் ஆள் நடக்க முடியாது. சீமைக் கருவேலம் இருபுறமும் வளர்ந்து தலைக்கு மேல் கூடிவிட்டது.

ஆகவே நான் கேட்பது புதிய சாலை அல்ல. நெடுஞ்சாலை ஓரத்தில் பச்சை வண்ணம் பூசிய தடமும் அல்ல, அது ஒரே ஆண்டில் கடைகளும் நிறுத்திய வண்டிகளுமாக ஆகிவிடும். கரையின் தலைப்பகுதியில் இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கருவேலத்தை வேரோடு எடுத்து, கிராவல் பரப்பினால் போதும். வெட்டும் மரத்தைக் கரிமூட்டம் போடுபவர்கள் விலை கொடுத்தே எடுத்துக்கொள்வார்கள் என்பதால் செலவும் பெரிதாக இராது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருப்பதால், சிறிய கண்மாய் இரண்டு மூன்றில் தொடங்குவது நடக்கக்கூடிய காரியம். கலுங்குகளின் மேல் ஒற்றையடிப் பாலம் ஒன்று வேண்டியிருக்கும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும் என்று அறிவேன். மரத்தை எடுத்தால் கரை இளகும் என்பார்கள். பனையையும் உடைமரத்தையும் விட்டுவைத்தால் அவை கரையைப் பிடித்துக்கொள்ளும், பழைய காலத்தில் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. மற்றொன்று பறவைகள். இந்த மறுப்பு நியாயமானது. நமக்கு உலாப் போக ஏற்ற மாதங்களும் அவை கூடு கட்டும் மாதங்களும் ஒன்றே. சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் போன்ற சரணாலயக் கண்மாய்களின் கரைகளில் சைக்கிளும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். குருவிக்கூட்டுக்காக ஆறு மாதம் வேலியில் கத்தி வைக்காமல் இருக்கும் ஊரைப் பார்த்துவிட்டு வந்தவன் வேறு எதைக் கேட்பான்?

எங்கள் ஊர்க் கண்மாயில், கலுங்கிலிருந்து முதல் மடை வரை ஏறத்தாழ நானூறு மீட்டரை, நானும் என் தங்கை மகனும் புரட்டாசியிலேயே அரிவாளும் கவைக்கம்புமாக ஒதுக்கிவிட்டோம். அதற்கு அப்பால் மரம் பெருத்துவிட்டது. இயந்திரம் வந்தால்தான் ஆகும். மனுக் கொடுத்திருக்கிறேன். தச்சர் வரும் தை மாதம் எங்கள் வீட்டுக்கு வருகிறார். பரணில் கிடந்த இரண்டாவது சைக்கிளை இறக்கித் துடைத்து, இருக்கையை அவர் உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறேன். இப்போதைக்கு நானூறு மீட்டர் போய்த் திரும்பிவர வேண்டியதுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம அஞ்சல் ஊழியர்,
திருப்புல்லாணி வட்டாரம்,
இராமநாதபுரம் மாவட்டம்.